சிதம்பரத்திலிருந்து பிங்கு கொண்டுவந்த பதில்

பிங்குவோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்குக் காசி, ராமேஸ்வரம் எதுவும் தேவையில்லை. போன ஜென்மத்துப் பாவம் வரைக்கும் அங்கேயே கழிந்துவிடும். நான் அப்படிக் கழித்தவள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மாடியில், வீடுகளுக்கும் கடைகளுக்கும் இன்டர்நெட் லைன் கொடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. நான் புகார் போன் எடுக்கும் பெண். "நெட் வரல மேடம்" என்பதைப் பகலெல்லாம் கேட்டு, "ரூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதைப் பகலெல்லாம் சொல்வது என் உத்தியோகம். எதிர் மேஜையில் பிங்கு. சர்வர், ரூட்டர், மாடிக் குரங்கு கடித்த கேபிள் எல்லாம் அவர் பொறுப்பு. முப்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. அவருக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சம்பளம் போடும் அக்காவைத் தவிர அது யாருக்கும் தெரியாது.

பிங்கு என்ற பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. தூரத்தில் இருக்கும் ஒரு மெஷின் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, கம்ப்யூட்டர்காரர்கள் 'பிங்' என்று ஒன்றை அனுப்புவார்கள். இங்கிருந்து "இருக்கியா?" என்று போகும். அங்கிருந்து "இருக்கேன்" என்று வரும். அவ்வளவுதான் பேச்சு. நம் ஆள் இதை மனிதர்களிடமும் செய்வார். என் மூக்குக்கு நேரே வந்து நின்றுகொண்டு, "இருக்கியாம்மா?" என்பார். "இருக்கேண்ணா" என்று நான் சொல்லும் வரைக்கும் அடுத்த வார்த்தை வாயிலிருந்து வராது. பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் கணக்கு வைப்பார். "இன்னிக்கு லேட்டாதான் வருது. தூங்கலையா?" என்று விசாரிப்பார். ஒரு தடவை முதலாளி வாய் நிறைய இட்லியோடு இருந்தபோது "இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு நின்றார். முதலாளி தலையாட்டினார். அது செல்லாது. இட்லி உள்ளே இறங்கி, தண்ணீர் குடித்து, "இருக்கேன்யா, தொலைஞ்சு போ" என்று அவர் சொன்ன பிறகுதான், மாடியில் யுபிஎஸ் புகைகிறது என்ற விஷயத்தைப் பிங்கு சொன்னார்.

இதற்கெல்லாம் மூலம் கெர்னல். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும், நாம் பார்க்கிற திரைக்கும் படத்துக்கும் கீழே, எல்லாவற்றையும் மேய்க்கிற ஒரு புரோகிராம் இருக்கிறது. அதுதான் கெர்னல். நெட்வொர்க்கில் எங்கேயாவது கோளாறு என்றால் அந்தச் சேதி வந்து விழுவது அதன் மடியில்தான். "நீ அனுப்பியது போய்ச் சேரவில்லை", "வீடு சரி, ஆனால் நீ தட்டிய கதவில் ஆள் இல்லை", "சுற்றிச் சுற்றிக் களைத்துப் போய் வழியிலேயே செத்துவிட்டது" என்று விதவிதமாக வரும். அவற்றை எப்படி வாங்க வேண்டும், எப்போது அனுப்ப வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதற்கு விதிகள் உண்டு. பிங்கு அந்த விதிகளின்படி வாழ்ந்தார். மற்றவர்கள் பிரதோஷத்துக்கு விரதம் இருக்கிற மாதிரி, அவர் கெர்னலுக்கு இருந்தார்.

நெட்டில் எதுவும் பாக்கெட் என்கிற சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். கோளாறுச் சேதி அனுப்பும்போது, எந்தப் பாக்கெட்டுக்கு அந்தக் கோளாறு என்று தெரிய, அதன் தலைப்பகுதியையும் சேர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். இல்லாவிட்டால் வாங்குகிறவன் குழம்புவானாம். அதனால் அவர் எதை மறுத்தாலும் நாம் சொன்னதை முதலில் ஒப்பிப்பார். "அண்ணா, டீ குடிக்கப் போலாமா?" என்றால், "அண்ணா டீ குடிக்கப் போலாமான்னு கேட்ட. முடியாது" என்பார். இப்படி ஒருவர் மறுத்தால் நமக்கே நம் கேள்வி அசட்டுத்தனமாகப் படும்.

கூட்டத்தைப் பார்த்துச் சொன்னதற்குப் பதில் சொல்லக் கூடாது என்பது இன்னொரு விதி. எல்லோருக்கும் என்று அனுப்பியதற்கு எல்லோரும் பதில் போட்டால் கேட்டவன் மூழ்கிப் போவான் என்பார். ஆகவே ஆபீஸ் வாட்ஸாப் குரூப்பில் அவர் சாமி சிலை. "யாராவது ஃபேன் ஆஃப் பண்ணுங்க" என்று கத்தினால், ஃபேன் சுவிட்சுக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாலும் அசைய மாட்டார். "பேரு சொல்லி கேளு, செய்யிறேன்" என்பார். ஆயுத பூஜைக்குப் பொரி வாங்குவது யார் என்று குரூப்பில் கேட்டு, அவர் சும்மா இருக்க, அவர் வாங்குவார் என்று நாங்களும் இருந்துவிட, பூஜை பொரி இல்லாமலே நடந்தது.

புகாரைப் பற்றிய புகாருக்குப் பதிலே கிடையாது. கோளாறுச் சேதிக்கே ஒரு கோளாறுச் சேதி அனுப்ப ஆரம்பித்தால் ரெண்டு பேரும் விடிய விடிய அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று கெர்னலுக்குத் தெரியும். எனவே, "நீங்க பேசுன விதம் சரியில்ல" என்று எந்த வாடிக்கையாளர் ஆரம்பித்தாலும் பிங்கு போனை வைத்துவிடுவார். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், "இப்போதைக்குப் பதில் தீந்து போச்சுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு ஊறும், அப்ப கேளுங்க" என்பார். இதுவும் விதிதான். அந்த வாடிக்கையாளர்கள் அடுத்து யாருக்குப் போன் போட்டுத் திட்டுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி இருக்கையில், புதுச்சேரியில் ஏதோ ஒரு நாள் வகுப்புக்குப் போய்வந்த முதலாளி, ஞானோதயம் பெற்றுத் திரும்பினார். பிங் அனுப்பித்தான் திருடன் நம் வீடு எது என்று கண்டுபிடிக்கிறானாம். பிங்குக்கும் கோளாறுச் சேதிகளுக்கும் சேர்த்து ஐசிஎம்பி என்று பெயர். "அந்த ஐசிஎம்பி கழுதையெல்லாம் ஃபயர்வால்ல மொத்தமா அடைச்சிடு. உள்ள ஒண்ணும் வரக் கூடாது" என்றார்.

"மொத்தமா அடைச்சிடுன்னு சொல்றீங்க. வேணாம் சார்" என்றார் பிங்கு.

"நான் முதலாளியா, நீ முதலாளியா?"

வாசல் காவல் பார்க்கும் ஃபயர்வாலில் அடைத்தாயிற்று. ஒரு வாரத்தில் சிதம்பரத்திலிருந்து ஒரு ஸ்கேன் சென்டர்க்காரர் அழாத குறையாகப் போன் செய்தார். மெயிலில் நாலு வரி எழுதினால் போகிறது. ஸ்கேன் படத்தை வைத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. பிழை என்றும் வருவதில்லை, முடிந்தது என்றும் வருவதில்லை, வட்டம் மட்டும் சுற்றுகிறது. நான் வழக்கம்போல ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னேன். அவர் என்னைப் பண்ணச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பிங்கு எனக்கு விளக்கினார். "வழியில ஒரு எடத்துல பைப்பு சின்னது. பெரிய பாக்கெட்டு அதுல நுழையாது. அங்க இருக்குற ரூட்டர் அத கீழ போட்டுட்டு, 'இது பெருசு, இந்த சைஸுக்குள்ள அனுப்பு'ன்னு நமக்கு ஒரு சேதி அனுப்பும். அத கேட்டா கெர்னல் பொடிசா நறுக்கி அனுப்பிடும். இப்ப அந்த சேதியவே நம்ம ஃபயர்வால் குப்பைன்னு தள்ளுது. அனுப்புறவனுக்கு என்னா தெரியும்? மறுபடியும் அதே பெருச அனுப்புறான். மறுபடியும் கெணத்துல போட்ட கல்லு."

முதலாளியிடம் சொன்னால் கேட்கவில்லை. அன்றைக்கு மாடிப்படிச் சுவருக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். முதலாளி அதில் சாய்ந்து நின்று வெகுநேரம் போன் பேசிவிட்டு உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை முதுகில் வாழையிலை அகலத்துக்குப் பச்சை. நான் வாயைத் திறக்கப் போனேன். பிங்கு கையமர்த்தினார். "கெட்ட சேதி எதுவும் உள்ள வரக் கூடாதுன்னு அவரே சொல்லியிருக்காரும்மா" என்றார் மெதுவாக. முதலாளி அந்த முதுகோடு பேங்குக்குப் போனார். அங்கிருந்து துக்கம் விசாரிக்கத் திருப்பாதிரிப்புலியூர் போனார். சாயங்காலம் வீட்டில் அவர் மனைவி பார்த்துச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை வந்ததும், "ஏன்யா ஒருத்தர்கூட சொல்லல?" என்று கத்தினார். அது கூட்டத்தைப் பார்த்துக் கேட்டது என்பதால் பிங்கு பதில் சொல்லவில்லை. ஆனால் மத்தியானத்துக்குள் ஃபயர்வாலைத் திறக்க உத்தரவு வந்தது. ஸ்கேன் படங்களும் போக ஆரம்பித்தன.

அந்தச் சமயத்தில் என் தலைக்கு மேலே வேறு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. சிதம்பரத்திலிருந்து ஒரு வரன் என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. பையன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கேசரி நன்றாக இல்லை என்பதை முகத்தில் காட்டாமல் முழுசாகச் சாப்பிட்டான். நான் சிரித்ததைப் பார்த்து அவனும் சிரித்தான். எனக்குப் பிடித்துவிட்டது. ஒளிப்பானேன், ரொம்பவே பிடித்துவிட்டது. "வீட்ல கலந்துகினு சொல்றோம்" என்று சொல்லிப் போனார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை. சும்மா இருந்துவிடுவார்கள். பெண் வீட்டார் நாளை எண்ணி எண்ணி, அவர்களாகப் புரிந்துகொள்ள வேண்டும். நடுவில் தூது போனவர் சேத்தியாத்தோப்பு மாமா, என் அம்மாவின் தம்பி. என் அப்பா திட்டக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கடலூருக்கு வந்து பந்தல், சாமியானா, சீரியல் லைட் வாடகைக்கு விட்டு முன்னுக்கு வந்தவர். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பந்தல் போட்டவர், சொந்தப் பெண் கல்யாணத்துக்கு எப்படிப் போடுவார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். "பெரிய மண்டபம்னு சொல்லு மச்சான்" என்று மாமாவை அனுப்பினார். மாமா போய்வந்து, "யோசிக்கிறாங்க மாமா" என்றார். "செண்டை மேளம்னு சொல்லு." போய்வந்தார். யோசிக்கிறார்கள். அப்பா மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு இன்னும் ஏதோ சொல்லி அனுப்பினார். அதற்கும் யோசனைதான்.

இதற்கிடையே விருத்தாசலத்திலிருந்து ஒரு இடம் வந்து, அவர்கள் எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள். வருகிற வெள்ளிக்கிழமை தட்டு மாற்ற வருவதாகச் சொல்லிவிட்டார்கள். "சிதம்பரத்துக்காரங்களுக்கு நம்ம மேல இஷ்டமில்ல. புரிஞ்சுக்க" என்றாள் அம்மா. நானாகப் போன் செய்து பையனிடம் கேட்டிருக்கலாம். ஆனால் பெண்ணே முந்திக்கொண்டு கேட்டால் ஊர் பேசும்; அதைவிட, வேண்டாம் என்றவனிடம் போய் நிற்க என் கௌரவமும் விடவில்லை.

புதன்கிழமை காலை பிங்கு வந்து நின்றார். "இருக்கியாம்மா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் பயந்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்னா ஆச்சு?" என்றார். விதியை மீறி அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டுவிட்டு, "சின்ன சேதி போய் வருதா?" என்றார்.

"சின்ன சேதின்னா?"

"சௌக்கியமா, சாப்பாடாச்சா, அந்த மாதிரி."

யோசித்துப் பார்த்தேன். போன வாரம்கூட அவர்கள் வீட்டு அம்மா மாமாவிடம் எனக்காகக் கத்திரிக்காய் கொத்சு கொடுத்தனுப்பியிருந்தார்கள். வேண்டாத பெண்ணுக்கு யார் கொத்சு கொடுத்தனுப்புவார்கள்?

"கொத்சு வருது. மண்டபத்துக்கு மட்டும் பதில் வரல" என்றார் பிங்கு. ஸ்கேன் சென்டர்க் கோளாறைக் கண்டுபிடித்த அன்றைக்கு வந்த களை அவர் முகத்தில் வந்தது. "பெருசு. நடுவுல எவனோ சேதிய முழுங்குறான்." விலாசத்தை வாங்கிக்கொண்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். தடுக்க எனக்குத் தெம்பு இல்லை. மனசும் இல்லை.

சிதம்பரத்தில் நடந்ததை அவர் வாயாலும், பிற்பாடு அந்த வீட்டார் வாயாலும் கேட்டேன். பையன் வீட்டு வாசல் கேட்டுக்கு வெளியே நின்று, "இருக்கீங்களா?" என்றிருக்கிறார். பையனின் அப்பா, பூவராகன் என்று பெயர், ஸ்ரீமுஷ்ணத்துக்காரர், ரொம்பக் கூச்ச சுபாவம், எட்டிப் பார்த்து, "யாரு?" என்றார்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன். நீங்க யாரு?"

"கடலூர்ல இருந்து மண்டபம்னு சொல்லி அனுப்புனாங்க. பதில் வரல. முடியாதுன்னா முடியாதுன்னு குடுங்க, நான் கொண்டு போறேன்."

பூவராகன் திகைத்துப் போனார். "அன்னிக்கே சொல்லி அனுப்பிட்டமேங்க. பொண்ண எங்களுக்கு ரொம்ப புடிச்சிருக்கு. ஆனா எங்க பக்கம் ஆளு கம்மி. எங்க வீட்டு அம்மாவுக்கு கூட்டம்னாலே மூச்சு முட்டும். கோயில்ல தாலி கட்டி, வீட்டளவுல சாப்பாடு போட்டா போதும், அதுக்கு சம்மதம்னா இப்பவே சரின்னு அந்த சேத்தியாத்தோப்புக்காரர்ட்ட மூணு தடவ சொல்லிட்டேன். நாங்க சின்னதுன்னு சொல்ல சொல்ல, அங்கேருந்து இன்னும் பெருசாதான் வருது. நம்ம பேச்சுக்கு மரியாத இல்லபோலன்னு நாங்களே விட்டுடலாம்னு இருக்கோம்."

"எவ்ளோ தாங்கும்?" என்றார் பிங்கு.

"என்னாது?"

"பெருசுன்னு மட்டும் சொன்னா பாதி சேதி. எவ்ளோ தாங்கும்னு சைஸு சொல்லணும்."

பூவராகன் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அம்பது பேருன்னு சொல்லுங்க. ரெண்டு பக்கமும் சேத்து."

அதோடு பிங்கு கிளம்பியிருக்கலாம். ஆனால் யாரோ வந்து கோளாறு என்று சொன்னால் கெர்னல் அப்படியே நம்பிவிடாது. தான் அனுப்பியதிலிருந்து ஒரு துண்டைக் காட்டினால்தான் நம்பும். ஆகவே, "கடைசியா என்னா சொல்லி அனுப்புனாங்க, அவங்க வார்த்தையிலயே சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். பூவராகன் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிங்கு கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, மாமா மூவரும் வெள்ளிக்கிழமைக்குத் தட்டு, பூ, பழம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலில் வந்து நின்றார் பிங்கு.

"இருக்கீங்களா?"

"பாத்தா தெரியலையா? உக்காந்திருக்கேன்ல" என்றார் அப்பா.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்யா. யாருய்யா நீ?"

பிங்கு மூச்சு விடாமல் சொன்னார். பெண்ணைப் பிடித்திருக்கிறது. கல்யாணம் பெரிசு. அந்த வீடு தாங்காது. ஐம்பது பேருக்குள் என்றால் இன்றைக்கே சரி. இதை மூன்று தடவை சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "வழியில போறவன் வந்து சொன்னா நான் நம்பணுமா?"

"'மாப்ள அழைப்புக்கு அவங்க வீட்டு வாசல்ல ரெண்டு ஒட்டகம் வந்து நிக்கும், இத நம்ம வீட்ல யாருக்கும் சொல்லிடாத'ன்னு சொல்லி அனுப்புனீங்க" என்றார் பிங்கு.

"ஒட்டகமா?" என்றாள் அம்மா. அப்பா தரையைப் பார்த்தார். "எங்க தெருவுல ஆட்டோவே திரும்பாதுன்னு அவரு சொல்லிக்கினு இருந்தாரு" என்று பிங்கு சேர்த்துச் சொன்னார்.

அப்பா மெதுவாகத் திரும்பினார். "மச்சான்."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எப்படி மாமா சொல்றது? ஊருக்கே பந்தல் போடுற ஆளு நீங்க. பொண்ணுக்கு போடாதீங்கன்னு என் வாயால சொன்னா உங்க மனசு என்னா ஆவும்? நாளாவட்டத்துல அவங்களே சரிக்கட்டி வருவாங்கன்னு பாத்தேன்." மாமா பொய் சொல்லவில்லை. பயந்த பிராணி. கெட்ட சேதியை உள்ளே விடாமல் இருப்பதுதான் பாசம் என்று நினைத்தவர்.

"எவன் எவன் பொண்ணுக்கோ பந்தல் போட்டேன்" என்றார் அப்பா. குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் அப்போது பேசாவிட்டால் எப்போதும் பேச முடியாது. "எனக்கு அந்த வீடுதாம்பா வேணும். கூட்டம் வேணாம்" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு பிங்குவைப் பார்த்து, "ஒரு சின்ன பந்தலுக்குக்கூட எடமில்லையா தம்பி?" என்று கேட்டார்.

"அத நான் கேக்கலையே. கேட்டுட்டு வரேன்" என்று பிங்கு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார். போன் என்று ஒன்று இருப்பதைச் சொல்லி அம்மா அவரைத் திருப்பிக் கூட்டிவந்தாள். எங்கள் எல்லோர் முன்னாலும் போன் போட்டு, இருக்கிறார்களா என்று உறுதி செய்துகொண்டு, கேட்டு, தலையாட்டிவிட்டு வைத்தார். "வீட்டு வாசல்ல ஒரு பந்தல் போட்டுக்கலாமாம். சீரியல் லைட்டு வேணாமாம்."

அப்பா அழுகையும் சிரிப்புமாக, "ஒரே ஒரு சரம்?" என்றார்.

"இன்னிக்கு இவ்ளோதான் கேக்கலாம் சார். நாளைக்கு கேப்போம்" என்றார் பிங்கு.

விருத்தாசலத்துக்கு அப்பாவே போன் செய்து, தெளிவாக, மன்னிப்போடு, வேண்டாம் என்றார். எங்கள் குடும்ப வரலாற்றில் அது முதல் தடவை.

அடுத்து வந்தது ஐம்பது பேர் சண்டை. எங்கள் பங்கு இருபத்தைந்து. திட்டக்குடிச் சொந்தத்தில் ஒருவரைச் சேர்த்தால் ஒருவர் போக வேண்டும். அழித்தும் எழுதியும் முடித்தபோது எனக்கு உறைத்தது. பிங்கு இல்லை. "ஆபீஸ்ல ஒருத்தர கூப்புட்டா எல்லாரையும் கூப்புடணும்" என்றாள் அம்மா. நியாயம்தான். "அந்த தம்பிக்கு அப்பறம் தனியா விருந்து வெச்சிக்கலாம், இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார் அப்பா. மாமா, "நான் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றார். மாமாவின் பக்குவம் தெரிந்ததால் நானே போனேன்.

அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். "அண்ணா, கல்யாணத்துக்கு உங்கள கூப்புட முடியல. எங்க பக்கம் நெறஞ்சு போச்சு. உங்களாலதான் இந்தக் கல்யாணமே நடக்குது, உங்களுக்கே எடமில்ல. எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு."

முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு எத்தனையோ கல்யாணத்துக்கு பத்திரிக வரலம்மா" என்றார். "வரலன்னு வந்து சொன்னது நீ ஒருத்திதான்."

பிறகு எழுந்து போய் எனக்கு ஒரு டீயும், தனக்கு ஒன்றும் வாங்கிவந்தார். ரெண்டு பேரும் குடித்தோம். போன் அடித்தது. நான் எடுக்கவில்லை.

கல்யாணப் போட்டோ இப்போது சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வாசல் பந்தலுக்குக் கீழே ஐம்பது பேரும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். வருகிறவர்கள் இது யார், அது யார் என்று கேட்பார்கள். நானும் ஒவ்வொருவராக விரல் வைத்துக் காட்டுவேன். காட்டி முடித்த பிறகும் என் விரல் இன்னொரு முகத்தைத் தேடும்.